தேயிலை மலையில் இறங்கிய கூகுள் பலூன்: தெரியுமா?

நியூயோர்க் நகரத்தில் காசு போட்டுப் பேசும் பழைய தொலைபேசிகளைக் கழற்றிவிட்டு, அதே நடைபாதைகளில் இலவச வைபை கம்பங்களை இயக்க ஆரம்பித்தது 2016 ஜனவரியில். உலகமே வாய் பிளந்து பார்த்தது. ஆனால் அதற்குப் பதினைந்து வருஷத்துக்கும் மேல் முன்னாலேயே நம் கம்பளையிலும் நாவலப்பிட்டியிலும் சாதாரண சனங்கள் ஒரு சதம் கொடுக்காமல் நூலகத்தில் உட்கார்ந்து இணையம் பார்த்தார்கள் என்பது தெரியுமா?

நம்ப முடியவில்லை அல்லவா? நுவரெலியா மாவட்டத்துக் கொத்மலையில் 1989 முதல் ஒரு சமூக வானொலி இயங்கிவந்தது. 1990களின் கடைசியில் யுனெஸ்கோவின் துணையோடு அந்தச் சின்ன நிலையத்துக்கு இணைய இணைப்பு வந்தது. எவ்வளவு வேகம் தெரியுமா? நொடிக்கு 64 கிலோபிட்! இன்றைக்கு நம் போனில் எடுக்கும் 3 மெகாபைட் படம் ஒன்று அதில் வந்து சேர ஆறு நிமிஷத்துக்கு மேல் ஆகும். அந்த வேகத்தை வைத்துக்கொண்டு அவர்கள் செய்த காரியம்தான் என்னை இன்றைக்கும் அசத்துகிறது. நேயர்கள் தங்கள் கேள்விகளைத் தபாலில் எழுதி அனுப்புவார்கள், தொலைபேசியில் கேட்பார்கள். அறிவிப்பாளர் நேரடி ஒலிபரப்பிலேயே இணையத்தில் தேடுவார். ஆங்கிலத்தில் இருப்பதைப் படித்து, நேயர்களின் மொழியில் சொல்லிக்கொடுப்பார். உடம்புக்கு வந்த வியாதி பற்றிய கேள்வி என்றால் பக்கத்தில் ஒரு டாக்டர் உட்கார்ந்திருப்பார்; சட்டம், உரிமை என்றால் வழக்கறிஞர். கணினியைக் கண்ணால் பார்த்திராத ஒருவர், வீட்டு மூலையில் இருந்த பழைய ரேடியோ பெட்டி வழியாக இணையத்தைக் கேட்டார்! அதோடு நிற்கவில்லை. கம்பளை, நாவலப்பிட்டி நூலகங்களில் யாரும் வந்து பார்க்க இலவச இணைய முனைகளைத் திறந்தார்கள்.

இன்னும் இருக்கிறது. அதே கொத்மலைக்காரர்கள் பிறகு ஒரு முச்சக்கர வண்டியை எடுத்து, அதற்குள் மடிக்கணினி, கம்பியில்லா இணையம், தொலைபேசி, கமெரா, அச்சுப்பொறி, வானொலி ஒலிபரப்புக் கருவி எல்லாவற்றையும் ஏற்றினார்கள். கணினியைத் தேடி நிலையத்துக்கு வர முடியாத கிராமங்களுக்கு அந்த வண்டியே போனது. ஒரு திரீவீலருக்குள் வானொலி நிலையமும் இணைய நிலையமும்!

சரி, நியூயோர்க் கழற்றிய அந்தக் காசு போடும் தொலைபேசி எப்படிப் பிறந்தது தெரியுமா? 1889இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகரில் வில்லியம் கிரே என்பவர் முதல் நாணயத் தொலைபேசியை நிறுவினார். அவருடைய மனைவி கடும் சுகவீனமாகக் கிடந்த சமயம், டாக்டரைக் கூப்பிட அக்கம்பக்கத்தில் போன் கேட்டு அலைந்ததுதான் இந்த யோசனைக்குக் காரணம் என்று சொல்லப்படுகிறது. உண்மையோ கதையோ, தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு அந்த அவசரம் நன்றாகவே புரியும். லயத்தில் ஒருவருக்கு நெஞ்சுவலி என்றால் தோட்ட ஆபீசுக்கோ டிஸ்பென்சரிக்கோ ஓட வேண்டியிருந்த காலம் ஒன்றும் அவ்வளவு தூரத்தில் இல்லை.

நம் ஊர்களுக்குக் கார்ட் போன் வந்தது 1990களில். தனியார் கம்பெனிகள் டவுனுக்கு டவுன் கூண்டு வைத்தன. ஒருமுறையாவது அதற்குள் நின்றவர்களுக்கு ஞாபகம் இருக்கும்: கார்ட்டைச் செருகியதும் சின்னத் திரையில் மீதித் தொகை தெரியும். கொழும்புக்குப் பேசினால் அது நிதானமாக இறங்கும். வெளிநாட்டுக்கு என்றால் கண்ணெதிரே கடகடவென்று கரையும். குவைத்திலும் சவூதியிலும் வீட்டு வேலைக்குப் போன அம்மாவோடு பேச வந்த பிள்ளைகள், என்ன சொல்ல வேண்டும் என்று வரிசையிலேயே யோசித்து வைத்துக்கொண்டு நிற்பார்கள். “சாப்பிட்டீங்களாம்மா” என்று கேட்பதற்குள் பாதிக் கார்ட் போய்விடும். கார்ட் வாங்க முடியாதவர்களுக்குக் கொமினிகேசன் கடை. கடைக்காரர் கடிகாரத்தைப் பார்த்துக் கணக்குப் போடுவார். வெளிநாட்டிலிருந்து கோல் வரும் நேரத்தைக் கடிதத்தில் முன்கூட்டியே எழுதிவிட்டு, அந்த நாளில் கடை வாசலில் காத்திருந்த குடும்பங்கள் எத்தனை எத்தனை!

இதில் பெரிய ஆச்சரியம், தெற்காசியாவிலேயே முதலில் செல்லிடத் தொலைபேசி வந்த நாடு இலங்கைதான். 1989! செல்டெல் நிறுவனம். இந்தியாவுக்கு அது 1995இல்தான் வந்தது. 2006இல் தெற்காசியாவிலேயே முதல் 3ஜி சேவையும் இங்கேதான், டயலொக் நிறுவனத்தால். இப்படி முன்னால் ஓடிய தீவில், மலையேறி வந்த தொழில்நுட்பம் கடைசி லயத்துக்கு வரும்போது மட்டும் ஏன் இவ்வளவு மெதுவாக நடக்கிறது?

அதற்குப் போவதற்கு முன் நியூயோர்க் கதையை முடித்துவிடலாம், ஏனென்றால் அதில் நமக்கு ஒரு பாடம் ஒளிந்திருக்கிறது. 7,500க்கும் மேற்பட்ட பழைய தொலைபேசிகளுக்குப் பதிலாக லிங்க்என்வைசி என்ற அந்த வைபை கம்பங்களை வைப்பதுதான் திட்டம். வேகம் நொடிக்கு ஒரு கிகாபிட் வரை. நாட்டுக்குள் எங்கே பேசினாலும் இலவசம், போனுக்குச் சார்ஜ் ஏற்றலாம், அவசரச் சேவைக்குத் தனிப் பொத்தான். செலவுக்கு விளம்பரம். எல்லாரும் இணையத்தில் உலாவட்டும் என்று கம்பத்திலேயே ஒரு திரையும் வைத்தார்கள். ஆட்கள் மணிக்கணக்கில் அதை விடாமல் பிடித்துக்கொண்டதால் 2016 செப்டெம்பரிலேயே அந்த வசதியை நிறுத்த வேண்டியதாயிற்று. 2022 மே 23ஆம் திகதி டைம்ஸ் சதுக்கத்துக்குப் பக்கத்தில் இருந்த கடைசி மாநகரத் தொலைபேசியைத் தூக்கி நகர அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோனார்கள்.

ஆனால் 2012இல் சாண்டி புயல் அடித்தபோது அந்நகரத்தில் என்ன நடந்தது தெரியுமா? பல இடங்களில் கரண்ட் போனது, செல்போன் கோபுரங்கள் பல செத்தன. சனங்கள் சில்லறையைத் தேடி எடுத்துக்கொண்டு அந்தப் பழைய தெருத் தொலைபேசிகளிடம்தான் ஓடினார்கள்! செப்புக் கம்பிக்குத் தேவையான 48 வோல்ட் மின்சாரத்தைத் தொலைபேசி நிலையமே தன் பற்றரிகளிலிருந்து அனுப்பும். தெருவில் கரண்ட் இல்லாவிட்டாலும் அது பேசும். புதியதை வைப்பது நல்லது. பழையதை எடுக்கும்போது அதனிடம் இருந்த இந்தப் பலத்தையும் சேர்த்து எடுத்துவிடக் கூடாது.

இப்போது தலைப்பில் சொன்ன பலூனுக்கு வருவோம்! 2015 ஜூலையில் இலங்கை அரசும் கூகுளும் கையெழுத்திட்டன. திட்டத்தின் பெயர் லூன். ஹீலியம் நிரப்பிய பெரிய பொலித்தீன் பலூன்கள் தரையிலிருந்து ஏறக்குறைய 20 கிலோமீட்டர் உயரத்தில், விமானங்களுக்கும் மேலே மிதக்கும். சூரிய ஒளியில் இயங்கும். அவற்றுக்கு எஞ்சின் கிடையாது! ஒவ்வோர் உயரத்திலும் காற்று ஒவ்வொரு திசையில் வீசும். போக வேண்டிய திசைக் காற்று எந்த உயரத்தில் வீசுகிறதோ அங்கே ஏறியோ இறங்கியோ பலூன் தன் வழியைப் பிடித்துக்கொள்ளும். மேலேயிருந்து இணையத்தைக் கீழே அனுப்பும். மலை மறைக்காது, பள்ளத்தாக்கு தடுக்காது. நம் பகுதிக்காகவே யாரோ உட்கார்ந்து யோசித்த மாதிரி!

2016 பெப்ரவரியில் சோதனைப் பலூன் தென்னமெரிக்காவிலிருந்து கடல்களைத் தாண்டி இலங்கை வானுக்குள் நுழைந்தது. சில நாளிலேயே அது எங்கே இறங்கியது தெரியுமா? கம்பளைப் பகுதித் தேயிலைத் தோட்டம் ஒன்றில்! காற்றுப் போன பலூனையும் மின்னணுக் கருவிகளையும் ஊர்மக்கள் கண்டு சொல்ல, பொலிஸ் வந்தது. விழவில்லை, திட்டமிட்டே இறக்கப்பட்டது என்று விளக்கம் வந்தது. பிறகு அலைவரிசை ஒதுக்கும் சிக்கலில் இலங்கைத் திட்டம் நின்றுபோனது. 2021 ஜனவரியில் லூன் திட்டத்தையே மூடுவதாக அறிவித்துவிட்டார்கள். இலவச இணைய முனை திறந்த அதே கம்பளையின் மடியில், உலகத்தின் மிகத் துணிச்சலான இணையக் கனவு ஒன்று வந்து இறங்கியது. எனக்கு இது வெறும் தற்செயலாகத் தோன்றவேயில்லை.

லூன் ஒப்பந்தம் போட்ட அதே 2015இல் தரையிலும் ஒரு முயற்சி நடந்தது. அப்போதைய அரசு தன் 100 நாள் வேலைத்திட்டத்தில் வாக்குறுதி கொடுத்தபடி, முதலில் 26 பொது இடங்களில் இலவச வைபை திறந்தது. கொழும்புக் கோட்டை ரயில் நிலையமும் அதில் ஒன்று. இருபத்தாறு இடம் என்பது ஒரு தீவுக்கு எந்த மூலைக்கு?

ஹட்டனிலிருந்து மஸ்கெலியா வழியாகச் சிவனொளிபாதமலை அடிவாரத்து நல்லதண்ணிக்கு பஸ்ஸில் வந்தால் ஒன்றைக் கவனிக்கலாம். மவுசாகலை நீர்த்தேக்கத்தைச் சுற்றி வளைந்து வளைந்து வரும்போது போனில் சிக்னல் கோடுகள் ஏறும், இறங்கும், சட்டென்று காணாமல் போகும். காரணம் எளிது. செல்போன் அலைகள் ஓரளவு நேர்கோட்டில் பயணிப்பவை. கோபுரம் ஒரு மலை முகட்டில், லயம் அடுத்த மலைக்குப் பின்னால் பள்ளத்தில் என்றால் நடுவில் நிற்கும் மலையை அந்த அலை ஊடுருவாது. அதனால்தான் ஒரே தோட்டத்தில் மேல் டிவிசனில் வீடியோ கோல் பேசுவார்கள், கீழ் டிவிசனில் ஒரு மெசேஜ் போகாது. 2,243 மீட்டர் உயரமான சிவனொளிபாதமலையின் உச்சியில் நின்று சூரியோதயத்தைப் படமெடுத்து உடனே அனுப்ப ஆசைப்படும் யாத்திரிகருக்கு அது அவ்வளவு பெரிய விஷயமில்லை. அடிவாரத்து லயத்தில் ஏ/எல் படிக்கும் பிள்ளைக்கு?

கொரோனா காலத்தில் அந்தப் பிள்ளைகள் என்ன செய்தார்கள் என்பது உலகச் செய்தியானது. 2021இல் ஊவாப் பக்கம் லுணுகலையில், மலைக்காட்டில் ஏறக்குறைய 30 அடி உயரத்தில் இருந்த மரவீட்டில் ஏறி உட்கார்ந்து மாணவர்கள் ஒன்லைன் பாடம் படித்தார்கள். போஹிட்டியாவ கிராமத்தில் பிள்ளைகளும் ஆசிரியையும் காட்டுவழி நடந்து ஒரு பாறை உச்சிக்குப் போனார்கள், சிக்னலுக்காக! அந்தத் துடிப்புக்கு முன்னால் எந்த கிகாபிட்டும் நிற்காது.

இலவச வைபை கிடைத்தால் ஒருவர் என்ன செய்ய முடியும்? இதைக் கேளுங்கள். கேரளத்தின் எர்ணாகுளம் ரயில் நிலையத்தில் மூட்டை தூக்கிய இளைஞர் ஒருவர், சுமையைத் தலையில் வைத்துக்கொண்டு காதில் இயர்போனை மாட்டி, நிலையத்தின் இலவச வைபையில் பாடங்களைக் கேட்டே 2018இல் அரசுப் பணித் தேர்வின் எழுத்துத் தேர்வில் தேறினார். அவருடைய சொந்த ஊர் எது தெரியுமா? மூணாறு! அதுவும் தேயிலை மலைதான். கொழுந்து பறிக்கும் கைகள் நிறைந்த ஊர்.

இந்தியாவில் 2020 டிசம்பரில் அமைச்சரவை ஒப்புதல் பெற்ற பிஎம்-வாணி திட்டத்தில் இன்னொரு அற்புதம். பழைய எஸ்டிடி பூத் மாதிரியை அப்படியே எடுத்து வைபைக்கு மாற்றியிருக்கிறார்கள். டீக்கடைக்காரரோ மளிகைக் கடைக்காரரோ உரிமக் கட்டணமும் இல்லாமல், பதிவும் இல்லாமல் தன் கடையிலேயே ஒரு பொது வைபை முனை வைத்துச் சின்னத் தொகைக்கு டேட்டா கொடுக்கலாம். நம் கொமினிகேசன் கடைகளுக்கு இப்படி ஒரு மறுபிறவி கொடுத்தால்? நல்லதண்ணி பஸ் நிற்கும் இடத்தில், யாத்திரைப் பருவத்தில் டிசம்பர் முதல் மே வரை விழித்திருக்கும் கடைகளில், வருமானத்துக்கும் குறைவிருக்காது. பருவம் முடிந்த மற்ற ஆறு மாதங்களும் அதே கம்பி தோட்டத்துப் பிள்ளைகளுக்கு.

அவுஸ்திரேலியாவில் இன்னும் ஒரு படி மேலே. 2021 ஆகஸ்டில் டெல்ஸ்ட்ரா நிறுவனம் ஏறக்குறைய 15,000 தெருத் தொலைபேசிகளில் நாட்டுக்குள் பேசும் அழைப்புகளை இலவசமாக்கியது. கூண்டைப் பிடுங்கவில்லை, காசு போடும் வேலையைத்தான் எடுத்தார்கள். நத்தார் காலத்தில் சிறுவர்கள் அதிலிருந்து சாண்டா தாத்தாவோடும் இலவசமாகப் பேசலாம்!

ஜப்பானில் பெரிய நிலநடுக்கம் வந்தால் போனின் வைபை பட்டியலில் ஒரு பெயர் தோன்றும்: ஐந்து பூஜ்யங்களோடு ஜப்பான். போட்டிக் கம்பெனிகள் எல்லாம் தங்கள் வைபையை அந்த ஒரே பெயரில், கடவுச்சொல் இல்லாமல் எல்லாருக்கும் திறந்துவிடும். 2016 குமமோட்டோ நிலநடுக்கத்தின்போது இதை முதன்முதலாகப் பயன்படுத்தினார்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலையகத்தைச் சிதைத்து, மண் சரிந்து பாதைகள் மூடி, உறவுகளின் குரல் கேட்காமல் குடும்பங்கள் தவித்த அந்த நாட்களை நினைத்தால், இப்படி ஓர் ஏற்பாடு நமக்கு ஆடம்பரம் என்று யாரால் சொல்ல முடியும்? அதற்கு வழியும் இருக்கிறது: 2025 ஜூலையிலிருந்து ஸ்டார்லிங்க் செய்மதி இணையம் இலங்கையில் கிடைக்கிறது. மலை மறைக்காத இணையம், பலூனுக்கும் மேலேயிருந்து! தோட்டத்துக்கு ஒரு தட்டு, அதோடு ஒரு சூரியத் தகடு, ஒரு பற்றரி, பொதுவான ஓர் இடம். பிரட்டுக்களமோ கோயில் மண்டபமோ போதும்.

பணத்துக்கு எங்கே போவது என்று கேட்பவர்களுக்குக் கடைசியாக ஒன்று. வெளிநாட்டுத் தொலைபேசி அழைப்புகள் மீது இலங்கை அரசு 2000களின் தொடக்கத்திலிருந்து ஓர் அபிவிருத்திக் கட்டணம் அறவிடுகிறது. தொலைத்தொடர்பு எட்டாத பகுதிகளுக்கு அதைக் கொண்டுசேர்ப்பதுதான் அதன் நோக்கம். குவைத்திலிருந்தும் துபாயிலிருந்தும் லயத்துப் பிள்ளைகளோடு பேசிய தாய்மாரின் கோல்களும் அந்தக் கணக்கில் சேர்ந்திருக்கின்றன. தொடர்பு எட்டாத பள்ளத்து லயத்துக்காகத் தொடர்புக் கட்டணத்தைப் பல வருஷம் முன்கூட்டியே கட்டியவர்கள் அந்த லயத்துப் பெண்கள்தான். அந்தக் கட்டணத்துக்கான இணைப்பைத்தான் நல்லதண்ணியிலிருந்தும் மஸ்கெலியாவிலிருந்தும் பிள்ளைகள் கேட்கிறார்கள்.