கல்லூரி மாணவரும் ரேஷன் கார்டும்

பள்ளி மதிய உணவுத் திட்டத்துக்கு ஒன்றிய அரசின் நிதி எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. கல்லூரியில் அப்படியொரு பொது ஏற்பாடு கிடையாது. நலத்துறை விடுதிகளில் இடம் கிடைத்தவர்கள் நீங்கலாக, ஏழை மாணவரின் உணவு உரிமை குடும்பத்தின் ரேஷன் கார்டு வழியாகவே வருகிறது.

இதற்குக் கொச்சியையே எடுத்துக்கொள்ளலாம். அங்கே மட்டாஞ்சேரியின் ஜூ டவுன் என்றதும் 1568-இல் கட்டப்பட்ட பரதேசி ஜெப ஆலயமும் பழம்பொருள் கடைகளும்தான் நினைவுக்கு வரும். மிளகும் சுக்கும் மணக்கும் கிடங்குகளில் மூட்டை தூக்குவோர், கடைப் பணியாளர்கள், சற்றுத் தொலைவில் ஃபோர்ட் கொச்சி தோபிகானாவில் துணி வெளுக்கும் தமிழ்க் குடும்பங்கள் என்று உழைத்துப் பிழைப்பவர்களின் ஊரும் இதுதான். இங்கிருந்து பிள்ளைகள் அருகிலுள்ள கொச்சின் கல்லூரிக்கும், காயல் தாண்டி எறணாகுளம் மகாராஜாஸ் கல்லூரிக்கும் படிக்கப் போகலாம். ஆனால் படிப்புச் செலவு ஏறும்போது முதலில் குறைவது சாப்பாடுதான்.

2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, கேரளத்தில் மஞ்சள் கார்டு வைத்திருக்கும் அந்தியோதயா குடும்பத்துக்கு மாதம் 35 கிலோ தானியம். இளஞ்சிவப்பு நிற முன்னுரிமைக் கார்டில் ஆளுக்கு 5 கிலோ. 2023 ஜனவரி முதல் ஒன்றிய அரசு இதை இலவசமாக வழங்குகிறது. நீலமும் வெள்ளையும் முன்னுரிமை இல்லாத கார்டுகள். அரசு ஊழியர், வருமான வரி கட்டுபவர், 1,000 சதுர அடிக்கு மேல் வீடுள்ளவர், பிழைப்புக்கான டாக்ஸி அல்லாமல் சொந்த கார் வைத்திருப்பவர் போன்றோரின் குடும்பங்கள் முன்னுரிமைப் பட்டியலில் சேர முடியாது. இந்த வரம்புகளுக்குள் வந்தும் நீல, வெள்ளைக் கார்டிலேயே தங்கிவிட்ட குடும்பத்துக்குத்தான் உதவி முதலில் தேவை. வகை மாற்றத்துக்கான விண்ணப்பம் திறக்கும்போது அரசின் மின்-சேவை மையமான அக்ஷயா வழியாக அனுப்பலாம். கல்லூரிப் படிப்பை எட்டிய பிள்ளைதான் பெரும்பாலும் அந்த வீட்டில் படிவம் நிரப்பத் தெரிந்தவர். உதவி அவரிடமிருந்தே தொடங்கலாம்.

படிக்க வெளியூர் போனவரின் சிக்கல் வேறு. பெயர் ஊரிலுள்ள கார்டில், அறையோ நகரத்தில். இதற்காகக் கார்டைப் பிரிக்க வேண்டியதில்லை. 'ஒரே நாடு ஒரே ரேஷன்' ஏற்பாட்டில் முன்னுரிமைக் கார்டில் பெயருள்ளவர் எந்த ஊர்க் கடையிலும் ஆதார் எண் சொல்லி, இயந்திரத்தில் விரல் வைத்துத் தானியம் வாங்கலாம். ஒரு பகுதியை இங்கே எடுத்து மீதியை வீட்டாருக்கு விட்டுவைக்கலாம். தமிழ்நாட்டிலிருந்து கொச்சிக்கு வந்து படிப்பவருக்கும் இது பொருந்தும். ஆதார் இணைப்பும், இ-கேஒய்சி என்ற மின்னணு அடையாளச் சரிபார்ப்பும் முடிந்திருக்க வேண்டும். பலருக்குத் தடை இங்கேதான்.

அரிசி கிடைத்தாலும் சமைக்க அடுப்பில்லாத அறைகள் உண்டு. அங்கே தங்குபவர்களுக்குக் கேரளப் பெண்கள் சுய உதவி அமைப்பான குடும்பஸ்ரீயின் ஜனகீய உணவகங்கள் பயன்படுகின்றன. 2020-இல் 20 ரூபாய்க்குத் தொடங்கிய சாப்பாடு, அரசு மானியம் நின்றபின் விலை ஏறியது வருத்தத்துக்குரியது. கொச்சி மாநகராட்சி 2021 அக்டோபரில் எறணாகுளத்தில் 10 ரூபாய்ச் சாப்பாட்டுடன் 'சம்ருத்தி' உணவகத்தைத் திறந்தது.

உரிமை இருந்தும் கைக்கு வராத நிலை வளர்ந்த நாடுகளிலும் உண்டு. அமெரிக்காவில் உணவு உதவிக்குத் தகுதி பெறக்கூடிய ஏறத்தாழ 20 லட்சம் மாணவர்கள் அதைப் பெறவில்லை என்று அரசுத் தணிக்கை அமைப்பு 2018-இல் அறிவித்தது. முக்கியக் காரணங்களில் ஒன்று, விதிகள் மாணவருக்கும் தெரியவில்லை, கல்லூரிக்கும் தெளிவாகத் தெரியவில்லை என்பது.

ஆகவே சேர்க்கையின்போது சாதி, வருமானச் சான்றிதழ்களைக் கேட்கும் கல்லூரி, ரேஷன் கார்டின் நிறத்தையும் கேட்டு, இ-கேஒய்சி முடிந்ததா என்று பார்க்க ஓர் ஆளை அமர்த்தினால் பாதி வேலை முடியும். ரேஷன் தொடர்பான புகாருக்கும் விவரத்துக்கும் கட்டணமில்லாத எண் 1967.