கடற்கரையில் கூடாரம்: மணல் யாருடையது?

பெங்களூரிலிருந்து நாள்தோறும் மாலையில் புறப்படும் பஞ்சகங்கா விரைவு ரயில், மறுநாள் காலையில் கோகர்ணா ரோடு நிலையத்தை அடைகிறது. நீண்ட வார இறுதிகளில் அதிலிருந்து இறங்கும் இளைஞர்கள் பலரின் முதுகில் சுருட்டிய கூடாரம் ஒன்றைக் காணலாம். அதனை எங்கே விரிப்பது என்பதைப் பெரும்பாலோர் ஊருக்கு வந்த பிறகே சிந்திக்கின்றனர்.

கடற்கரை மணல் அரசுக்கு உரியது. அதில் கூடாரமிட்டுத் தலைக்கு இவ்வளவு என வாடகை வசூலிக்க, அனுமதி பெறாத எவருக்கும் உரிமை இல்லை. 2019ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையின்படி, மக்கள் நெருக்கம் குறைந்த ஊரகக் கடலோரங்களில் உயர் அலைக்கோட்டிலிருந்து 200 மீட்டர் வரையிலான நிலம் கட்டுமானத் தடைப் பகுதியாகும். தற்காலிகக் குடில்களுக்கு இடமுண்டு. ஆயினும் அவை ஒப்புதல் பெற்ற சுற்றுலாத் திட்டத்துக்கு உட்பட்டு, உயர் அலைக்கோட்டிலிருந்து குறைந்தது 10 மீட்டர் தள்ளியே அமைய வேண்டும். நடந்தோ படகிலோ மட்டுமே செல்லக்கூடிய பாரடைஸ் கடற்கரையில் முன்பிருந்த குடில்களை வனத்துறை அகற்றியதை இங்கு நினைவுகூரலாம்.

சட்டத்தை ஒதுக்கிவைத்தாலும் கடல் தன் கணக்கை விடுவதில்லை. கூடாரவாசிகள் விரும்பித் தேர்ந்தெடுப்பது பௌர்ணமி இரவை. ஓதம் மிக உயர்ந்து ஏறுவதும் பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாள்களிலேதான். மாலையில் உலர்ந்து கிடந்த மணல், உறங்கிய பின் நனைந்துவிடக்கூடும். பாறைகள் சூழ்ந்த சிறிய கடற்கரைகளில் பின்வாங்கவும் இடம் குறைவு. குளிர்காலத்திலும் அதனை அடுத்த மாதங்களிலும் பங்குனி ஆமைகள் இக்கரைகளில் முட்டையிடுகின்றன. குஞ்சுகள் வெளிச்சத்தை நோக்கிச் செல்லும் இயல்புடையவை. தீமூட்டமும் மின்விளக்கும் அவற்றைக் கடலுக்கு எதிர்த்திசையில் இழுத்துவிடும்.

அப்படியானால் கூடாரத்தை வீட்டிலேயே வைத்துவிட வேண்டுமா? வேண்டியதில்லை. குட்லே, ஓம் கடற்கரைகளுக்குப் பின்னுள்ள மேட்டிலும் தென்னந்தோப்புகளிலும் தனியார் நிலத்தில் தங்கும் இடங்கள் உள்ளன. சற்றுக் கூடுதலாகச் செலவிட இயலுவோர்க்கு, கர்நாடக அரசின் ஜங்கிள் லாட்ஜஸ் நிறுவனம் ஓம் கடற்கரை அருகிலும், கார்வாரை அடுத்த தேவபாக்கிலும் விடுதிகளை நடத்துகிறது. குடும்பத்துடன் செல்வோர்க்கு இவையே பொருத்தமானவை என்பது எம் கருத்து. காட்டுக்குள் கூடாரமிடுவது வேறு விவகாரம். வனத்துறையின் அனுமதியின்றி அங்கு இரவு தங்கலாகாது.

முன்பணம் அனுப்புமுன் ஒரு கேள்வியைத் தயங்காமல் கேளுங்கள்: கூடாரம் அமையும் நிலம் யாருடையது? "கடலுக்கு நேர் முன்னால், மணலிலேயே" என்பது விளம்பரத்தில் கவர்ச்சியாக இருக்கும். இரவில் காவலர் வந்து எழுப்பும்போது அவ்வாறு இராது. பணம் தனிநபரின் கைப்பேசி எண்ணுக்குச் செல்கிறதா, நிறுவனத்தின் பெயரிலுள்ள கணக்குக்குச் செல்கிறதா என்பதைத் திரையில் தோன்றும் பெயரைக் கொண்டு சரிபாருங்கள். இடத்தின் முகவரியும், பயணம் ரத்தானால் திரும்பக் கிடைக்கும் தொகையும் எழுதப்பட்ட ரசீதைப் பெற்றுக்கொள்ளுங்கள்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை இக்கடல் கொந்தளிக்கும். அம்மாதங்களுக்குச் சலுகைக் கட்டணத்தில் கடற்கரைக் கூடாரம் என யாரேனும் அழைத்தால், சலுகையின் காரணம் மழைதான்.