ஏரு என்னும் காட்டுக் கொடிக் கீரை

மத்திய ஆப்பிரிக்காவின் மழைக்காடுகளில், மரங்களைப் பற்றி முப்பது அடி வரை ஏறும் கொடியொன்று உண்டு. காமரூன் தேசத்தார் அதனை ‘ஏரு’ என்றும் ‘ஒக்கோக்’ என்றும், நைஜீரியாவின் இபிபியோ மக்கள் ‘அஃபாங்’ என்றும் வழங்குவர். தாவர நூலார் இட்ட பெயர் நீட்டம். நமது மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலும் இவ்வினத்துக் கொடி ஒன்று வளர்கிறது. ஆயின், அதில் மக்கள் வறுத்து உண்பது விதையை.

ஏருவின் இலை தடித்துக் கரும்பச்சையாய் இருக்கும். வெற்றிலையை அடுக்குவதுபோல் அடுக்கிச் சுருட்டி, நூலிழை போல அரிந்து, செம்பனையெண்ணெய், கருவாடு, நீர்ப்பசையுள்ள வேறொரு கீரை ஆகியவற்றுடன் சமைப்பர். கடைத்தெருவில் உட்கார்ந்து இலையை அரிந்து கொடுப்பதையே ஜீவனமாகக் கொண்ட பெண்களும் உளர்.

பறித்தபின் பல நாள் வாடாமலிருப்பது இக்கீரையின் விசேஷ குணம். அதுவே அதற்குக் கேடாகவும் முடிந்தது. நைஜீரியாவின் காடுகளில் ஏரு அருகிவிட, காமரூனிலிருந்து படகுகளில் கட்டுக்கட்டாக ஏற்றுமதியாகத் தொடங்கிற்று. ஐரோப்பாவில் குடியேறிய ஆப்பிரிக்கரும் வாங்குகின்றனர். காட்டில் பறிப்போர் பெரும்பாலும் ஏழைப் பெண்கள். விலை சொல்பவரோ வெளியூர் வியாபாரி. (இந்நிலைமை நம் சங்க அங்கத்தினர்களுக்குப் புதிதன்று.) கட்டு பெரிதானால்தான் கூலி கட்டும் என்னும் அவசரத்தில், கொடியை வேரோடு இழுப்பதும், எட்டாத இலைக்காக அது படர்ந்த மரத்தையே வெட்டிச் சாய்ப்பதும் வழக்கமாயின.

விதையிட்டுப் பயிர் செய்யலாகாதா எனில், அது எளிதன்று. பனையைப் போல இதிலும் ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. கிடைக்கும் விதையும் முளைக்க மாதக்கணக்காகும். ஆதலின் 1892-ல் ஸ்தாபிக்கப்பட்ட காமரூனின் லிம்பே தாவரத் தோட்டத்தில், 1990-களில், தண்டுத் துண்டுகளைக் கொண்டு பயிராக்கும் முறையை ஆராய்ந்தனர். ஒரு கணுவும் அதில் ஓர் இலையும் உள்ள துண்டை எடுத்து, இலையைப் பாதியாகக் கத்தரிக்கவேண்டும். மரச்சட்டப் பெட்டியின் அடியில் கல்லும் நீரும், மேலே மக்கிய மரத்தூளும் இட்டு, துண்டுகளை அதில் நட்டு, பாலிதீன் தாளால் காற்றுப் புகாமல் மூடவேண்டும். மின்சாரமோ குழாய்நீரோ வேண்டியதில்லை. ஏறக்குறைய ஆறு வாரங்களில் வேர் பிடிக்கும்.

நாற்றைத் திறந்த வெளியில் நடலாகாது; நிழல் இன்றியமையாதது. கொக்கோத் தோட்டங்களிலும் வீட்டருகே மரத்தடியிலும் பந்தலிட்டு ஏற்றுகின்றனர். சில கிராமங்களில் பலர் சேர்ந்து ஒரே நாற்றங்கால் வைத்து, கன்றுகளைத் தமக்குள் பகிர்ந்துகொள்கின்றனர். அறுக்கும்போது அடித்தண்டைச் சிறிது விட்டு அரிந்தால், விட்ட இடத்திலிருந்து கொடி மீண்டும் துளிர்க்கும்.