இல்லத்தில் பதிந்த இசை

புகழ்பெற்ற இசைக் கலைஞர் ஒருவரிடம், அவர் இன்று பயன்படுத்தும் ஒலிப்பதிவுக் கூடத்தைப் பற்றிக் கேட்டால், இரண்டொரு சொற்களில் விடை கூறி முடித்துவிடுவார். "முதன்முதலில் வீட்டில் எந்தக் கருவியைக் கொண்டு பதிவு செய்தீர்கள்?" என்று கேட்டாலோ அவர் முகம் மலர்ந்துவிடும். கருவியின் பெயர், அது கைக்கு வந்த கதை, அது கொடுத்த தொல்லைகள், நள்ளிரவுவரை அதன்முன் அமர்ந்திருந்த நாள்கள், உறக்கம் கெட்ட வீட்டாரின் முணுமுணுப்பு என ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். இசைக் கலைஞர்களின் நேர்காணல்களைப் படிக்கும்போதெல்லாம் நாம் இதனைக் கண்டு வியந்ததுண்டு.

பொன்னும் பொருளும் சேர்ந்த பின்னர், ஓட்டை உடைசலான ஒரு பழைய கருவியின்மீது இத்தனை பாசம் ஏன்? கழிந்துபோன இளமையின்மீதுள்ள ஏக்கம் மட்டுந்தானா? அன்று, அதனினும் ஆழமான காரணம் ஒன்று உண்டென்றே நமக்குத் தோன்றுகிறது. அதனை அறிந்துகொள்ள, மேலைநாட்டு இசையுலகைச் சேர்ந்த மூவரின் இல்லங்களுக்குச் சென்று வருவோம்.

தாயின் பியானோவும் மகனின் குறும்பும்

முதல் இல்லம் அமெரிக்காவில், விஸ்கான்சின் மாநிலத்தின் வாக்கெஷா என்னும் சிற்றூரில் உள்ளது. 1915-ஆம் ஆண்டு அங்கே பிறந்தவர் லெஸ் பால். பெற்றோர் பிரிந்துவிட்டமையால் தாயின் அரவணைப்பிலேயே வளர்ந்தவர். அவ்வீட்டில் தானே இசைக்கும் பியானோ ஒன்று இருந்தது. துளையிட்ட காகிதச் சுருளை அதில் பொருத்தினால், துளைகளுக்கேற்பக் கட்டைகள் தாமே இயங்கும். சிறுவன் லெஸ் என்ன செய்தான் தெரியுமா? சுருளில் தன் விருப்பம்போல் புதுத் துளைகளை இட்டான். பிடிக்காத ஒலி வந்தால் அத்துளையை ஒட்டி மூடினான். பதிவான இசையின்மேல் மற்றோர் இசையைச் சேர்க்கலாம் என்பதை அவன் கற்றுக்கொண்டது அங்கேதான். மகன் பாழாக்கிய சுருள்களுக்காகத் தாய் அவன் கையை ஒடித்துவிடவில்லை என்பதையும் நாம் கவனிக்க வேண்டும்.

சற்று வளர்ந்ததும், தொலைபேசியின் பேசும் முனையைக் கழற்றித் தாயின் வானொலிப் பெட்டியுடன் இணைத்து, அதையே ஒலிவாங்கியாக்கிப் பாடினார். கிட்டாரின் ஓசை போதவில்லை என்று கேட்போர் குறைகூறவே, கிராமபோன் ஊசிப் பகுதியைக் கிட்டாரின்மீதே பொருத்தினார். பின்னர், தட்டில் ஒலியைப் பதிக்கும் எந்திரத்தையும் தாமே செய்தார். காடிலாக் காரின் கனத்த சக்கரமொன்று அதற்குச் சுழல்தட்டாயிற்று; பல் மருத்துவரின் எந்திரத்தில் ஓடும் வார் அதனைச் சுழற்றிற்று. வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்னும் பழமொழிக்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ?

வானொலியில் புகழ்பெற்றுவிட்ட மகனிடம், 'நேற்றிரவு உன் இசையைக் கேட்டேன்' என்ற பொருள்படத் தாய் ஒருநாள் கூறினார். அன்றிரவு அவர் வாசிக்கவேயில்லை! பிறர் வாசிப்பு தம் வாசிப்பைப்போலவே இருப்பதைப் பெற்ற தாயே வேறுபடுத்தி அறியவில்லையெனில், தமக்கென்று தனியோசை ஏதுமில்லை என்று அவர் உணர்ந்தார். ஹாலிவுட் நகரில் தம் வீட்டுக் கார் கொட்டகையில் அடைந்துகொண்டு, அத்தகைய ஓசையைத் தேடலானார். ஒரு தட்டில் கிட்டார் ஒலியைப் பதிப்பார். அதனை ஓடவிட்டு, உடன் வாசித்து, இரண்டையும் சேர்த்து மற்றொரு தட்டில் பதிப்பார். இவ்வாறு ஒருவரே எட்டுக் கிட்டார்களை வாசித்ததுபோல் அமைந்த 'லவ்வர்' என்னும் இசைத்தட்டு 1948-இல் வெளிவந்து கேட்டோரைத் திகைக்க வைத்தது.

அவ்வாண்டு ஜனவரி மாதத்திலேயே பேரிடி ஒன்று விழுந்தது. ஓக்லஹோமா மாநிலத்தில் நேர்ந்த கார் விபத்தில் அவருடைய வலது முழங்கை நொறுங்கியது. கையை எடுத்துவிட வேண்டியிருக்குமோ என்று மருத்துவர்கள் அஞ்சினர். கை பிழைத்தது, ஆயினும் முழங்கை இனி மடங்கி நிமிராது என்றாயிற்று. அப்படியானால் கிட்டாரைப் பிடிக்கும் கோணத்திலேயே அதைப் பொருத்திவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். எஞ்சிய வாழ்நாள் முழுவதும் அவ்வாறு வளைந்த கையுடனேயே வாசித்தார்.

ஒரு பிழை, அனைத்தும் பாழ்

காந்த நாடாவில் ஒலியைப் பதிக்கும் கருவி ஜெர்மனியில் உருவானது. 1935-இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் முதன்முதலாக மக்கள் பார்வைக்கு வந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், ஜாக் மல்லின் என்னும் அமெரிக்கப் படைப்பிரிவுப் பொறியாளர் அவற்றுள் இரண்டைத் தம் நாட்டுக்குக் கொண்டுவந்தார். பாடகர் பிங் கிராஸ்பி தம் வானொலி நிகழ்ச்சிகளை முன்னரே பதிந்து வைத்துக்கொள்ள விழைந்தவர்; இதன் பயனைக் கண்டு ஆம்பெக்ஸ் என்னும் சிறு நிறுவனத்துக்கு 50,000 டாலர் கொடுத்து உதவினார். அந்நிறுவனத்தின் டேப் ரெக்கார்டர் ஒன்றை 1949-இல் அவரே லெஸ் பாலுக்குப் பரிசாக வழங்கினார்.

பரிசைப் பெற்றவர் சும்மா இருந்தாரில்லை. நாடா உரசிச் செல்லும் 'ஹெட்' எனப்படும் காந்தமுனை ஒன்றைக் கூடுதலாகப் பொருத்தினார். முன்னர்ப் பதிந்த ஒலியை அம்முனை படித்துத் தரும். அதனுடன் புதிய ஒலி கலந்து, அதே நாடாவில் மீண்டும் பதியும். பழைய பதிவு அழிந்துபோகும். இதில் ஓர் ஆபத்து இருந்தது. பத்தாவது முறை வாசிக்கையில் விரல் தவறினால், முந்தைய ஒன்பது முறை உழைத்ததும் பாழ்! மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இந்நிலையில்தான் அவரும் அவர் மனைவி மேரி ஃபோர்டும் நியூயார்க்கின் ஜாக்சன் ஹைட்ஸ் பகுதியிலிருந்த தங்கள் குடியிருப்பில் 'ஹவ் ஹை தி மூன்' என்னும் பாடலைப் பதிந்தனர். மேரியின் ஒரே குரல் பல குரல்களாக அடுக்கடுக்காக ஒலிக்கும். 1951-இல் அப்பாடல் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் ஒன்பது வாரங்கள் முதலிடத்தில் நின்றது. பெரும் கூடங்களில் பிறந்த பாடல்களையெல்லாம் ஒரு வீட்டில் பிறந்த பாடல் வென்றது.

கதவு கிறீச்சிட்ட பாடல்

அடுத்த இல்லம் இலண்டன் மாநகரில் உள்ளது. 1969-ஆம் ஆண்டின் இறுதி. உலகையே ஆட்டிப்படைத்த பீட்டில்ஸ் குழு உள்ளுக்குள் உடைந்துகொண்டிருந்தது. உடன்பிறப்புகளைப்போல் பழகிய நால்வர் மனத்தாங்கலுடன் விலகி நின்றனர். அவர்களுள் ஒருவரான பால் மெக்கார்ட்னி சோர்வும் துயரமும் சூழத் தம் வீட்டில் அடைந்துகிடந்தார்.

அவர் வீட்டுக்கு நான்கு தடங்களில் ஒலியைப் பதிக்கும் ஸ்டூடர் கருவி ஒன்று வந்து சேர்ந்தது. ஒலிகளைக் கலந்து சீராக்கும் மேசை இல்லை. ஒலியின் அளவைக் காட்டும் முள் இல்லை. ஒலிவாங்கியை நேரே கருவியின் பின்புறம் செருகினார். ஒலி மிகுந்ததா குறைந்ததா என்பதைத் தம் செவியைக் கொண்டே அறிந்தார். கிட்டாரும் முரசும் பிறவும் தாமே வாசித்தார்.

கருவி இயங்குகிறதா என்று பார்க்கத் தம் மனைவி லிண்டாவைப் பற்றி ஒரு சிறு பாடலைப் பாடிப் பதிந்தார். பாடல் முடியும் தறுவாயில் லிண்டாவே கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார்; கதவு கிறீச்சிட்டது. அவ்வோசையும் நாடாவில் பதிந்துவிட்டது. ஒலிப்பதிவுக் கூடமாயிருப்பின் உடனே அதனை நீக்கியிருப்பர். அவரோ நீக்கவில்லை. 1970 ஏப்ரலில் வெளிவந்த அவருடைய முதல் தனி இசைத்தட்டில் முதற்பாடலாக அமைந்தது அதுவே. நண்பர் குழு சிதைந்த நாளில், மனைவி உள்ளே வரும் ஓசை அவருக்கு எத்துணை ஆறுதலாயிருந்திருக்கும் என்பதை இல்லறத்தார் உணர்வர்.

பையில் உறங்கிய கேசட்

மூன்றாவது இல்லம் அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில், கோல்ட்ஸ் நெக் என்னும் ஊரிலிருந்த ஒரு வாடகை வீடு. அங்கே குடியிருந்தவர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன். கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, கோவிலுக்கு அடுத்த வீட்டில் குழந்தைப் பருவத்தைக் கழித்தவர். பதின்பருவ மகனுக்குக் கிட்டார் வாங்கித் தர 60 டாலர் கடன் வாங்கிய தாயை அவர் பின்னாளில் மறவாமல் நினைவுகூர்ந்திருக்கிறார்.

1982-இல் அவர் புகழ்பெற்ற பாடகர். ஆயினும் பெரிய கூடங்களை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, பாடல் சரியாக அமையாமல் பணத்தையும் காலத்தையும் வீணாக்குவது அவருக்குச் சலித்துவிட்டது. கையாள எளிதான கருவி ஒன்றை வாங்கி வருமாறு தம் உதவியாளரிடம் கூறினார். அவர் வாங்கி வந்தது 1979-இல் அறிமுகமான டியாக் போர்ட்டாஸ்டூடியோ. கடையில் கிடைக்கும் சாதாரணக் கேசட்டிலேயே நான்கு தடங்களைப் பதிக்கும் முதற் கருவி அதுவே. நாடாவை இருமடங்கு வேகத்தில், ஒரே திசையில் ஓட்டுவதால், 60 நிமிடக் கேசட்டில் 15 நிமிடங்களே பதியலாம். ஆயினும் ஒரு கூடத்தையே மேசைமேல் கொண்டுவந்து வைத்ததுபோலிருந்தது அது.

ஜனவரி 3-ஆம் நாள், படுக்கையறையில் இரண்டு ஒலிவாங்கிகளை நிறுத்தி, பெரும்பாலான பாடல்களைப் பாடி முடித்தார். வாழ்வு நொறுங்கிய மனிதரின் கதைகள் அவை. பின்னர் அனைத்தையும் வேறொரு டேப் ரெக்கார்டரில் ஒரே பதிவாக்கினார். அதுவும் முன்னொரு சமயம் ஆற்று நீரில் விழுந்து எழுந்ததாம்! குழுவினர் கேட்டுக் கற்றுக்கொள்வதற்கான மாதிரிப் பதிவு என்பதே அன்றைய எண்ணம். எனவே அந்தக் கேசட்டை உறைகூட இல்லாமல் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சில வாரங்கள் திரிந்தார்.

பின்பு நியூயார்க்கின் சிறந்த கூடமொன்றில், தேர்ந்த தம் குழுவினருடன் அப்பாடல்களை மீண்டும் பதிந்தனர். ஓசை தெளிவாயிற்று, ஆனால் பாடல்களின் உயிர் போய்விட்டது. தனியறையில் ஒரு மனிதன் தனக்குத்தானே பேசிக்கொண்ட அந்தத் தனிமையைக் கூடம் தரவில்லை. என்ன செய்வது? பையில் கிடந்த கேசட்டையே வெளியிடுவதென்று முடிவாயிற்று. அதிலிருந்த மெலிந்த ஒலியை இசைத்தட்டுக்கு மாற்றுவது பெரும்பாடாயிற்று. பலமுறை முயன்ற பின்னரே கைகூடிற்று. 'நெப்ராஸ்கா' என்னும் பெயரில் 1982 செப்டம்பரில் வெளிவந்த அது, அவருடைய தலைசிறந்த படைப்புகளுள் ஒன்றென இன்றளவும் மதிக்கப்படுகிறது.

கருவி தராதது

இம்மூவரின் கதைகளிலும் பொதுவாய் அமைந்திருப்பது என்ன? மூவருடைய கருவிகளும் குறையுள்ளவை. அக்குறையே அவர்களைக் கூர்ந்து கேட்கச் செய்தது. தடங்கள் நான்கே என்றால், எது வேண்டும், எது வேண்டாம் என்று முடிவு செய்தாக வேண்டும். ஒரு பிழை அனைத்தையும் அழிக்கும் என்றால், ஒவ்வொரு முறையும் முழு மனத்தோடு வாசித்தாக வேண்டும். இன்று நம் பிள்ளைகளின் கைப்பேசியிலேயே எண்ணற்ற தடங்கள் உள்ளன. பிழையை ஒரு விரல் தொட்டால் திருத்தலாம். வசதி பெருகியது நன்றே. ஆனால் முழு மனத்தைத் தரும் பொறுப்பு இன்னும் மனிதனிடமே உள்ளது.

ஒன்றை மறைத்தல் முறையன்று. வீட்டில் பிறந்த இசை அனைத்தும் வீட்டை வாழ்வித்துவிடவில்லை. லெஸ் பாலும் மேரியும் தங்கள் இல்லத்தையே கூடமாக்கினர். 1953 முதல் தங்கள் வீட்டிலிருந்தே தொலைக்காட்சி நிகழ்ச்சி நடத்தினர். வேலைக்கும் வீட்டுக்கும் இடையே சுவர் இல்லாமற்போயிற்று. ஓயாத பயணங்களில் மேரி களைத்துப்போனார். 1964-இல் அவர்கள் மணவாழ்வு முறிந்தது. மனைவியின் குரலைப் பலவாகப் பெருக்கிக் காட்டிய கணவருக்கு, களைத்துப்போன அந்த ஒரு குரல் கேட்டதா? அதற்கு விடை கூற நாம் யார்? ஆயினும் அவ்வினாவை நம் இல்லங்களில் ஒவ்வொருவரும் தமக்குள் கேட்டுக்கொள்ளலாம்.

தம் முதற்கருவியை நினைவுகூரும் கலைஞர்கள், உண்மையில் அக்கருவியை மட்டும் நினைப்பதில்லை. சுருள்கள் பாழானதைப் பொறுத்துக்கொண்ட தாயை, கடன் வாங்கிய அன்னையை, கதவைத் திறந்து வந்த மனைவியை நினைக்கின்றனர். வீட்டின் ஒரு மூலையை ஒரு பிள்ளையின் ஆர்வத்துக்கு விட்டுக்கொடுத்த பெரியோரை நினைக்கின்றனர். இப்பக்கத்தைப் படிக்கும் நேரத்தில், உங்கள் வீட்டிலும் ஏதோவொரு மூலையில் ஒரு சிறுவனோ சிறுமியோ ஒரே அடியைப் பன்னிரண்டாம் முறையாகத் தவறாக வாசித்துக்கொண்டிருக்கலாம். அதட்டுமுன் சற்றே பொறுங்கள். பதின்மூன்றாம் முறை சரியாக வரலாம், வராமலும் போகலாம். எப்படியாயினும், வீட்டார் பொறுத்துக்கொண்டனர் என்பதை அப்பிள்ளை என்றும் நினைவில் வைத்திருக்கும்.