மழைக்குப் பின் ஆர்மோனியக் கட்டை மக்கர் செய்தால்

ஐப்பசி, கார்த்திகை அடைமழை ஓய்ந்து மார்கழி பிறந்ததும் கொள்ளிடக் கரைத் திருமானூர் வட்டாரத்தில் ஆர்மோனியத்துக்கு வேலை வந்துவிடும். கோயிலில் பஜனை, ஏலாக்குறிச்சி போன்ற ஊர்களில் கிறிஸ்துமஸ் பாட்டு. அப்போதுதான் அழுத்திய கட்டை எழாமல் நிற்பதும், தொடாத கட்டை ஒலிப்பதும் தெரியவரும். பெரும்பாலும் ஈரமும் தூசியும்தான் காரணம். பொறுமை இருந்தால் நாமே சரிசெய்யலாம்.

முதலில் கட்டை இயங்கும் விதத்தைப் பார்ப்போம். பியானோவில் கட்டை அழுந்தினால் சுத்தியல் கம்பியைத் தட்டும். அழுத்தும் வேகமே ஒலியின் அளவு. ஆர்மோனியத்தில் கட்டையின் முன்முனை தாழ, பின்முனை உயரும். அதன் அடியில் ஒட்டிய தோல் துளையைத் திறக்க, துருத்திக் காற்று ரீடு எனும் உலோக நாக்கை அதிரவைக்கும். விரலை எடுத்ததும் ஸ்பிரிங் துளையை மூடும். ஒலியைக் கூட்டுவது துருத்திதான். கட்டையை ஓங்கிக் குத்துவதால் பயனில்லை.

கட்டை எழவில்லையா? ஈரத்தில் மரம் உப்பிப் பக்கத்துக் கட்டையில் உரசுகிறது. மேல்மூடியைக் கழற்றி, காற்றோட்டமான நிழலில் இரண்டு நாள் வையுங்கள். வெயில் ஆகாது, மரம் வெடிக்கும். பிறகும் உரசினால், உரசும் இடத்தில் மட்டும் நைஸ் உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள். எண்ணெய் விடவே கூடாது. அது தூசியைப் பிடித்துப் பிசினாக்கும்.

தொடாமலே ஒலிக்கிறதா? தோல் துளைமேல் சரியாக அமரவில்லை. மெல்லிய தூரிகையால் தூசியைத் தட்டுங்கள். தோல் விறைத்திருந்தால் மாற்ற வேண்டும்.

ஒரு கட்டை கனமாகவும் மற்றொன்று லேசாகவும் இருக்கிறதா? பியானோ பழுதுபார்ப்பவர்கள் கட்டையின் நுனியில் எடை வைத்துப் பார்ப்பார்கள். அங்கே சுமார் 50 கிராமில் கட்டை தாழும். நீங்கள் ஒரே வகை நாணயங்களை ஒவ்வொரு கட்டை நுனியிலும் அடுக்கி, எத்தனையில் தாழ்கிறது என்று குறியுங்கள். மற்றவற்றிலிருந்து விலகி நிற்கும் கட்டையின் ஸ்பிரிங்கை மட்டும் சிறிது வளைத்துவிட்டு மீண்டும் சோதியுங்கள். அளவுக்கு மீறித் தளர்த்தினால் காற்று கசியும்.

ரீடில் மட்டும் கைவைக்காதீர்கள். நுனியைச் சுரண்டினால் சுருதி ஏறும், அடியைச் சுரண்டினால் இறங்கும். போன உலோகம் திரும்பாது. அது தேர்ந்தவர் கைக்குரிய வேலை.

அடுத்த மழைக்காலத்தில் வாரம் இருமுறையாவது பெட்டியைத் திறந்து எல்லாக் கட்டையையும் வாசியுங்கள். உள்ளே காற்று ஓடினால் ஈரம் தங்காது; மார்கழியில் பழுதுபார்க்கும் வேலையும் குறையும்.