வாஷிங்டன் எனும் குடும்பப்பெயர்: தோற்றமும் இடப்பெயர்வும்

முன்னுரை

ஒருவரின் பெயரைக் கொண்டு அவர்தம் குடிவழியை அறிய முற்படுவது உலகெங்கும் காணப்படும் வழக்கமாகும். இங்கிலாந்தில் வழங்கும் குடும்பப்பெயர்கள் தந்தையிடமிருந்து மக்களுக்கு வழிவழியாகச் செல்வன. ஆதலின் ஒரே குடும்பப்பெயரைத் தாங்கியோர் ஒரே குருதிவழியினர் என்னும் எண்ணம் எளிதில் எழுகிறது. இவ்வெண்ணத்தின் எல்லையை உணர்த்தத்தக்க சான்றாக வாஷிங்டன் எனும் பெயர் அமைகிறது. வட இங்கிலாந்தின் சிற்றூர் ஒன்றில் பிறந்த இப்பெயரை, 2000ஆம் ஆண்டின் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 1,63,036 பேர் குடும்பப்பெயராகக் கொண்டிருந்தனர். அவர்களுள் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் கறுப்பினத்தவர். ஆங்கிலேய நிலக்கிழார் குடியொன்றின் பெயர் ஆப்பிரிக்க வழித்தோன்றல்களின் பெயராக மாறியது எங்ஙனம் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

ஒரு பொருளின் பெயர் அதனோடு தொடர்புடைய வேறொரு பொருளைக் குறித்து வருவதைத் தமிழ் இலக்கணிகள் ஆகுபெயர் என்பர். இங்கு இன்றியமையாதது இரு பொருள்களுக்கும் இடையே உள்ள தொடர்பாகும். வாஷிங்டன் எனும் பெயரின் வரலாற்றையும் இக்கண்கொண்டு நோக்குதல் தகும். பெயர் ஒரு நிலையிலிருந்து மறுநிலைக்குச் செல்லும் ஒவ்வொரு முறையும் அதற்கு அடிப்படையான தொடர்பு யாது என வினவின், இப்பெயரின் பயணம் தெளிவுறும்.

ஊர்ப்பெயர்

வாஷிங்டன் என்னும் ஊர் இங்கிலாந்தின் வடகிழக்கே, வரலாற்று நோக்கில் டர்ஹம் மாவட்டத்தில் அடங்கியது. இன்று சண்டர்லாந்து நகராட்சிப் பகுதியைச் சார்ந்தது. இப்பெயர் பழைய ஆங்கில மொழியில் அமைந்த தொடராகும். இதன் முதற்பகுதி ஹ்வஸ்ஸா என்னும் ஆட்பெயர். நடுவில் உள்ள ‘இங்’ என்பது சார்புப் பொருளை உணர்த்தும். இறுதியில் உள்ள ‘டன்’ என்பது ‘தூன்’ என்னும் பழஞ்சொல்லின் திரிபு. வேலியிட்ட நிலம், பண்ணை, ஊர் என்னும் பொருள்களை உடையது. எனவே ‘ஹ்வஸ்ஸாவைச் சார்ந்த ஊர்’ என்பது இதன் பொருளாகும் எனப் பெயராய்வாளர் கருதுவர். ஹ்வஸ்ஸா என்னும் ஆட்பெயர் ஊர்ப்பெயரைக் கொண்டு மீட்டுருவாக்கப்பட்டதாகும். ஆக, இப்பெயர் தொடக்கத்தில் ஆட்பெயரிலிருந்தே ஊருக்குச் சென்றது. பின்னரே ஊரிலிருந்து ஆளுக்கு மீண்டது.

ஊரிலிருந்து குடிக்கு

1066ஆம் ஆண்டில் நார்மானியர் இங்கிலாந்தை வென்ற பின்னரே வழிவழிக் குடும்பப்பெயர் வழக்கம் அந்நாட்டில் வேரூன்றியது. நிலவுடைமை மரபுரிமையாகச் செல்லும்போது, அவ்வுரிமையை நாட்டப் பெயரும் உடன்செல்ல வேண்டியிருந்தது. ஆகவே இவ்வழக்கம் நிலக்கிழாரிடம் முதலில் தோன்றிப் பின்னர்ப் பிறரிடமும் பரவியது. ஆங்கிலக் குடும்பப்பெயர்கள் ஊர், தந்தை பெயர், தொழில், பட்டப்பெயர் என்னும் நான்கனுள் ஒன்றன் அடிப்படையில் பெரும்பாலும் அமைந்தவை. வாஷிங்டன் இவற்றுள் முதல்வகையைச் சேர்ந்தது.

டர்ஹம் ஆயரின் நிலங்களையும் அவற்றிற்குரிய வரி, பணிகளையும் தொகுத்துக் கூறும் போல்டன் நூல் 1183ஆம் ஆண்டில் உருவானது. ஹார்ட்பர்னைச் சேர்ந்த வில்லியம் என்பவர் தம் ஹார்ட்பர்ன் நிலத்தை விட்டுக்கொடுத்து, அதற்கு மாற்றாக வாஷிங்டன் ஊரைப் பெற்றிருந்த செய்தியை அந்நூல் பதிவு செய்துள்ளது. இவர் வழியினரே ‘வெசிங்டன்’ என்னும் பழைய வடிவில் இப்பெயரைத் தாங்கினர் என்பதை மரபாய்வாளர் பொதுவாக ஏற்கின்றனர். இங்கு ஒன்று கருதத்தக்கது. இக்குடியினரின் முன்னைப் பெயரும் ஊர்ப்பெயரே. நிலம் மாறியதும் பெயரும் மாறியது. அக்காலத்தில் பெயர் குருதியைக் காட்டிலும் மண்ணோடு நெருங்கிய பிணைப்புடையதாய் இருந்தது என்பதை இது காட்டுகிறது.

ஒரே ஊரிலிருந்து வெளிச்சென்ற பலரும் அவ்வூரின் பெயரால் சுட்டப்படுதல் இயல்பு. 1416 முதல் 1446 வரை டர்ஹம் பேராலய மடத்தின் தலைவராக விளங்கிய ஜான் வெசிங்டன் இதற்கு எடுத்துக்காட்டு. அவர் பெயர் ஒன்றையே கொண்டு அவரை அந்நிலக்கிழார் குடியில் பிறந்தவர் எனத் துணிதல் இயலாது. ஊரடிப் பெயர்களைக் கொண்டு குடிவழி வரைவோர் இடறும் இடம் இதுவே.

நிலத்தை நீங்கிய பெயர்

பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் வாஷிங்டன் ஊரை ஆண்ட மூலக்குடியின் ஆண்வழி அற்றது. ஊர் மகள்வழியாக வேறொரு குடிக்குச் சென்றது. ஆயினும் முன்னரே பிரிந்து லங்காஷயரின் வார்ட்டன் பகுதியில் வாழ்ந்த கிளையினர் பெயரைத் தொடர்ந்து தாங்கினர். இப்போது ஊர் ஒருவரிடமும் பெயர் மற்றொருவரிடமும் இருந்தன. நிலவுரிமையை உணர்த்தத் தோன்றிய பெயர், நிலம் கைவிட்டுப் போன பின்னரும் குடியை உணர்த்தும் குறியாக நிலைத்தது. குடும்பப்பெயர் என்னும் நிலையை அது முழுமையாக எய்தியது இக்கட்டத்தில்தான் எனலாம்.

வார்ட்டனில் பிறந்த லாரன்ஸ் வாஷிங்டன் தெற்கே நார்தாம்ப்டனுக்குக் குடிபெயர்ந்து கம்பளி வணிகத்தில் செழித்தார். அந்நகரின் மேயராகவும் இருந்தார். எட்டாம் ஹென்றி மன்னர் மடங்களைக் கலைத்து அவற்றின் நிலங்களை விற்றபோது, 1539ஆம் ஆண்டில் அவர் சல்கிரேவ் பண்ணையை வாங்கினார். அவர் வழிவந்த மற்றொரு லாரன்ஸ் ஆக்ஸ்ஃபோர்டில் பயின்று, எசெக்ஸ் மாவட்டத்துப் பர்லீ ஊரின் திருச்சபைக் குருவானார். உள்நாட்டுப் போர்க்காலத்தில், 1643ஆம் ஆண்டில், நாடாளுமன்றத் தரப்பினர் அவரைப் பதவியிலிருந்து நீக்கினர். குடும்பம் நலிவுற்றது. அவர் மகன் ஜான் கடல்வணிகத்தை நாடியதற்கு இந்நலிவு ஒரு காரணமாயிற்று.

கடல் கடந்த பெயர்

ஜான் வாஷிங்டன் 1656ஆம் ஆண்டில், புகையிலை வணிகத்தின்பொருட்டு வெர்ஜீனியாவுக்குச் சென்ற கப்பலில் பணியாற்றினார். அக்கப்பல் திரும்பும் வேளையில், 1657ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பொட்டோமக் ஆற்றில் தரைதட்டியது. ஜான் அங்கேயே தங்கினார். நத்தானியேல் போப் என்னும் நிலக்கிழாரின் மகள் ஆன் போப்பை மணந்து 700 ஏக்கர் நிலம் பெற்றார். மீண்டும் நிலமும் பெயரும் இணைந்தன. ஆனால் இம்முறை அந்நிலத்தில் உழைத்தோரும் உடைமைகளாகக் கருதப்பட்டனர். வெர்ஜீனியாவின் புகையிலைப் பண்ணைகள் ஒப்பந்தக் கூலிகளாலும், பின்னர்ப் பெரும்பாலும் ஆப்பிரிக்க அடிமைகளாலும் இயங்கின.

ஜானின் கொள்ளுப்பேரனாகிய ஜார்ஜ் வாஷிங்டன் 1732ஆம் ஆண்டில் பிறந்தார். பதினோராம் அகவையில் தந்தையை இழந்தபோது நிலத்தோடு பத்து அடிமைகளும் அவருக்கு உரிமையாயினர். 1799ஆம் ஆண்டில் மவுண்ட் வெர்னன் பண்ணையில் 317 அடிமைகள் இருந்தனர். அவர்களுள் 123 பேர் ஜார்ஜ் வாஷிங்டனின் உடைமை. 153 பேர் அவர் மனைவியின் முதற்கணவர் வழிச் சொத்தைச் சார்ந்தோர். எஞ்சியோர் பிறரிடம் வாடகைக்குப் பெறப்பட்டோர். தம் உடைமையாய் இருந்தோரை விடுவிக்குமாறு அவர் இறுதிமுறியில் எழுதினார். அவர்கள் 1801ஆம் ஆண்டில் விடுதலை பெற்றனர். அமெரிக்காவின் முதல் குடியரசுத் தலைவருக்கு மக்கட்பேறு இல்லை. ஆகவே இன்று இப்பெயரைத் தாங்குவோர் எவரும் அவருடைய நேர்வழித் தோன்றல் எனச் சொல்வதற்கு ஆவணச் சான்று இல்லை.

அடிமை நிலையிலிருந்தோரின் பெயர்

பண்ணைக் கணக்கேடுகளில் அடிமைகள் பெரும்பாலும் ஒற்றைப் பெயராலேயே குறிக்கப்பட்டனர். அதனால் அவர்களுக்குக் குடும்பப்பெயரே இல்லை என்றும், விடுதலைக்குப் பின் தம் கடைசி உடைமையாளரின் பெயரை ஏற்றனர் என்றும் நெடுங்காலம் கருதப்பட்டது. ஹெர்பர்ட் குட்மன் 1976ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இக்கருத்தை மறுத்தது. அடிமைகள் தம்முள் குடும்பப்பெயர்களை வழங்கினர் என்பதையும், அவை பலபோது கடைசி உடைமையாளரின் பெயரினின்றும் வேறுபட்டன என்பதையும் அவர் எடுத்துக்காட்டினார். முந்தைய தலைமுறையினர் வாழ்ந்த பண்ணையின் பெயரைக் காத்துவருதல், விற்பனையால் சிதறிய உறவுகளை நினைவில் நிறுத்தும் வழியாகவும் அமைந்தது.

ஹாரி வாஷிங்டனின் வாழ்வு இங்கு நோக்கத்தக்கது. ஆப்பிரிக்காவில் பிறந்து, மவுண்ட் வெர்னனில் அடிமையாய் இருந்த இவர், அமெரிக்க விடுதலைப்போரின்போது தப்பிச் சென்று ஆங்கிலேயர் படையைச் சேர்ந்தார். 1783ஆம் ஆண்டில் ஆங்கிலேயரோடு நியூயார்க்கை விட்டு வெளியேறிய கறுப்பினத்தவரைப் பதிந்த பேரேட்டில் இவர் ‘ஹாரி வாஷிங்டன்’ எனக் குறிக்கப்பட்டுள்ளார். அவ்வாண்டு மே மாதத்தில்தான், தப்பிய அடிமைகளைத் திரும்ப ஒப்படைக்குமாறு ஜார்ஜ் வாஷிங்டன் ஆங்கிலேயத் தளபதி கை கார்லெட்டனிடம் கோரினார், கார்லெட்டன் உடன்படவில்லை. கப்பலேறிய ஹாரி நோவா ஸ்கோசியாவுக்கும், 1792ஆம் ஆண்டில் மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா லியோனுக்கும் சென்றார். அங்கு நிலவரியை எதிர்த்து 1800ஆம் ஆண்டில் எழுந்த கிளர்ச்சியில் பங்கேற்று நாடுகடத்தப்பட்டார். இங்கிலாந்தின் ஊர்ப்பெயர் ஒன்று வெர்ஜீனியா வழியாக ஆப்பிரிக்கக் கரையை அடைந்தது. அதைச் சுமந்து சென்றவர் அப்பெயருக்குரியவரின் உடைமையாய் இருந்து தப்பியவர்.

தெரிந்தெடுத்த பெயர்

1865ஆம் ஆண்டில் அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் அடிமைமுறையை ஒழித்தது. திருமணப் பதிவு, கூலி ஒப்பந்தம், பள்ளி, வாக்குரிமை ஆகிய அனைத்திற்கும் முழுப்பெயர் வேண்டியதாயிற்று. கறுப்பினத்தவர் அனைவரையும் பெயர் சுட்டிப் பதிந்த முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1870ஆம் ஆண்டினது. முன்னரே வழங்கிய பெயரை வெளிப்படுத்தியோரும், புதிதாக ஒன்றைத் தெரிந்தெடுத்தோரும் இக்காலத்தில் ஆவணங்களில் இடம்பெற்றனர்.

கல்வியாளர் புக்கர் டி. வாஷிங்டன் இதற்குத் தக்க சான்றாவார். பள்ளியில் முதன்முதலில் பெயர்ப்பட்டியல் வாசிக்கப்பட்டபோது, ஏனைய சிறுவர் அனைவருக்கும் இரண்டேனும் பெயர்கள் இருக்கக் கண்டு, தம் முறை வந்ததும் ‘புக்கர் வாஷிங்டன்’ எனத் தாமே கூறியதாக அவர் தம் தன்வரலாற்றில் பதிவு செய்துள்ளார். அவர்தம் மாற்றாந்தந்தையின் பெயர் வாஷிங்டன் ஃபெர்குசன். அம்முதற்பெயரே மகனின் குடும்பப்பெயராயிற்று. மவுண்ட் வெர்னன் குடும்பத்தோடு இதற்கு நேரடித் தொடர்பில்லை. தாய் தமக்கு டாலியஃபெரோ என்னும் பெயரையும் இட்டிருந்தார் எனப் பின்னர் அறிந்து, அதனை இடைப்பெயராகச் சேர்த்துக்கொண்டார்.

நாட்டின் முதல் தலைவர்பால் கொண்ட மதிப்பு, பண்ணையின் நினைவு, உறவினர் பெயர் எனப் பல காரணங்கள் இப்பெயர்த் தெரிவில் கலந்திருத்தல் கூடும். கணக்கெடுப்பு எண்ணைப் பொருள்கொள்வதிலும் கவனம் வேண்டும். வில்லியம்ஸ், ஜான்சன் போன்ற பெயர்களைத் தாங்கும் கறுப்பினத்தவரின் தொகை இதனினும் மிகப் பெரிது. ஆனால் அப்பெயர்களை வெள்ளையரும் பெருந்தொகையில் தாங்குகின்றனர். வாஷிங்டன் எனும் பெயர் கொண்ட வெள்ளையர் தொடக்கம் முதலே சிலராயிருந்தமையால், விடுதலை பெற்றோர் அதனை ஏற்றதும் விழுக்காடு அவர்பால் பெரிதும் சாய்ந்தது. எனவே 90 என்னும் எண், ஒரு குடியின் சுருக்கத்தையும் ஒரு மக்களின் தெரிவையும் ஒருங்கே காட்டுவது.

தமிழகத்தில் இப்பெயர்

இப்பெயரின் தெரிவு அமெரிக்காவோடு நிற்கவில்லை. 1999ஆம் ஆண்டில் சென்னையில் பிறந்த மட்டைப்பந்து வீரர் வாஷிங்டன் சுந்தரின் பெயரில் இது இயற்பெயராக அமைந்துள்ளது. தம் இளமையில் கல்விக்கும் ஆட்டத்திற்கும் துணைநின்ற, வாஷிங்டன் எனும் பெயருடைய ஓய்வுபெற்ற படைவீரர் ஒருவரின் நினைவாக, அவர்தம் தந்தை சுந்தர் மகனுக்கு இப்பெயரை இட்டார். அமெரிக்கத் தலைவரைக் கருதி இடப்பட்டதன்று இது. செய்ந்நன்றியே இங்குப் பெயரை இணைக்கும் தொடர்பு.

முடிவுரை

வாஷிங்டன் எனும் பெயர் ஒவ்வொரு நிலையிலும் வெவ்வேறு தொடர்பினால் இடம்பெயர்ந்துள்ளது. ஹ்வஸ்ஸாவிடமிருந்து ஊருக்குச் சார்பினாலும், ஊரிலிருந்து வில்லியம் வழியினர்க்கு நிலவுரிமையாலும், தந்தையிடமிருந்து மகனுக்குப் பிறப்பினாலும் அது சென்றது. ஹாரிக்கு அடிமைத்தளையினாலும், புக்கருக்குத் தன்விருப்பினாலும், சென்னைச் சிறுவனுக்கு நன்றியினாலும் வாய்த்தது. இவற்றுள் குருதித் தொடர்பு பல வழிகளுள் ஒன்று மட்டுமே. பெயரொற்றுமையை மட்டும் சான்றாகக் கொண்டு குடிவழி நிறுவுவோர், இப்பெயரைத் தாங்குவோரின் மிகப் பெரும் பகுதியினரின் வரலாற்றைத் தவறவிடுவர். ஆவணங்களில் ஒற்றைப் பெயராய்ச் சுருக்கப்பட்டோரின் வழித்தோன்றல்களே இன்று அப்பெயரை வாழவைக்கின்றனர். எனவே குடும்பப்பெயராய்வில் ‘இவர் யார் மகன்’ என்னும் வினாவுக்கு முன்னர், ‘இப்பெயர் இவரிடம் எவ்வாறு வந்தது’ என்னும் வினா எழுப்பப்படுதல் வேண்டும்.