விமானியாகும் கனவும் வாப்பாவின் கைக்காசும்

“படித்து என்னவாகப் போகிறாய்?” என்று காத்தான்குடியில் ஒரு பிள்ளையிடம் கேட்டால் டொக்டர், இஞ்சினியர் என்ற பதில்தான் முன்பெல்லாம் வரும். இப்போது இடையிடையே ‘பைலட்’ என்ற பதிலும் காதில் விழுகிறது. இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. நமது வாவிக்கரையிலேயே ஒரு விமான நிலையம் இருக்கிறது. 1958 இல் அமைக்கப்பட்ட மட்டக்களப்பு விமான நிலையம், 1983 இல் விமானப்படையின் கைக்குப் போய், 2016 இல் மீண்டும் பொதுமக்கள் பயன்பாட்டுக்குத் திறக்கப்பட்டது. 2018 இல் சர்வதேச விமான நிலையமாகவும் பிரகடனம் செய்யப்பட்டது. தலைக்கு மேலே ஒன்று பறந்து போனால் பிள்ளையின் கண் அதன் பின்னே போகத்தான் செய்யும்.

ஆனால் இந்தப் பதிலைக் கேட்டதும் பெற்றோரில் இரு சாராரைக் காண்கிறோம். ஒரு சாரார், “அது பணக்காரர் வீட்டுப் படிப்பு மகன், நமக்குச் சரிவராது” என்று அந்தப் பேச்சை அங்கேயே முடித்து விடுகிறார்கள். மறு சாரார், பத்திரிகையில் ஒரு விளம்பரத்தைக் கண்டதுமே வளவை விற்கவும் நகையை அடகு வைக்கவும் தயாராகி விடுகிறார்கள். இரண்டுமே அவசரம். கணக்குப் பார்க்காமல் மறுப்பதும் பிழை. கணக்குப் பார்க்காமல் இறங்குவதும் பிழை.

யாருடைய பணம்?

நமது பகுதியில் இந்தக் கேள்விக்கு ஒரு தனிக் கனம் உண்டு. கிழக்கிலே வீடு பெண் பிள்ளைக்கு. வாப்பா கடையில் நின்றும், கடல் கடந்து உழைத்தும் சேர்க்கும் காசின் பெரும்பகுதி மகளுக்குக் கட்டும் வீட்டிற்கே போகிறது. ஆகவே மகனின் விமானப் படிப்புக்குப் பணம் எடுப்பதென்றால், பல வீடுகளில் அது ராத்தாவின் அல்லது தங்கையின் சுவரிலிருந்து கல்லை உருவுவதற்குச் சமம். அதை வீட்டார் எல்லோரும் கூடியிருந்து பேசி, அந்தப் பிள்ளையும் மனம் பொருந்திச் செய்வது வேறு. மகனின் பிடிவாதத்துக்காக ஒருவருக்கும் சொல்லாமல் செய்வது வேறு. பறக்கப் போகிறவன் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இந்தப் பாரத்தைத்தான்.

அந்தப் பிள்ளையே பறக்க விரும்பினால்? அதற்கும் வழி உண்டு என்பதைக் கீழே காண்போம்.

அனுமதிப்பத்திரம் என்பது ஒன்றல்ல

விமானியாவதற்கு ஒரே ஒரு பத்திரம்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அது படிப்படியாக ஏறும் ஏணி. ‘ஐகாவோ’ எனப்படும் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனம் உலகுக்குப் பொதுவான குறைந்தபட்ச நிபந்தனைகளை வகுத்திருக்கிறது. அந்தந்த நாட்டு அதிகார சபைகள் அவற்றைத் தழுவியே அனுமதிப்பத்திரம் வழங்குகின்றன. இலங்கையில் அந்தப் பொறுப்பு சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையினுடையது.

முதற்படி, தனியார் விமானி அனுமதிப்பத்திரம். 17 வயது நிரம்பியிருக்க வேண்டும். குறைந்தது 40 மணித்தியாலம் பறந்திருக்க வேண்டும். அதில் 10 மணித்தியாலம் ஆசிரியர் அருகில் இல்லாமல் தனியே பறந்ததாக இருக்க வேண்டும். இதை வைத்துக்கொண்டு சம்பளத்துக்கு விமானம் ஓட்ட முடியாது.

இரண்டாம் படி, வர்த்தக விமானி அனுமதிப்பத்திரம். 18 வயது. 200 மணித்தியாலம், அங்கீகரிக்கப்பட்ட தொடர் பயிற்சியாக இருந்தால் 150 மணித்தியாலம். இரவுப் பறப்பும், கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் பயிற்சியும் இதில் அடங்கும். 540 கிலோமீற்றருக்குக் குறையாத ஒரு நெடும் பயணமும், இடையில் இரண்டு வெவ்வேறு விமான நிலையங்களில் இறங்கி ஏறுவதும் கட்டாயம். இரத்மலானையிலிருந்து மட்டக்களப்புக்கு நேர்கோட்டில் சுமார் 220 கிலோமீற்றர்தான். போய்த் திரும்பினாலும் 440. இன்னோர் ஊரையும் சேர்த்தால்தான் கணக்கு நிரம்பும்.

அதற்கும் மேலே உள்ளது விமானக் கப்டன்களுக்குரிய பத்திரம். அதற்கு 21 வயதும் 1500 மணித்தியாலமும் வேண்டும். அந்த மணித்தியாலங்களை வேலையில் சேர்ந்த பிறகே பெரும்பாலானோர் நிரப்புகிறார்கள்.

பணம் எங்கே போகிறது?

‘செஸ்னா 152’ என்ற இரு இருக்கைச் சிறு விமானம் உலகெங்கும் பயிற்சிக்குப் பயன்படுவது. அது மணித்தியாலத்துக்குச் சுமார் 23 லீற்றர் பெற்றோல் குடிக்கும். அதுவும் மோட்டார் சைக்கிளுக்கு அடிக்கும் பெற்றோல் அல்ல. விமானத்துக்கென்று தனியாக வரும் விலை கூடிய பெற்றோல். 200 மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 4600 லீற்றர். இதனோடு உதிரிப் பாகங்கள், காப்புறுதி, ஆசிரியர் சம்பளம், இறங்கு கட்டணம் எல்லாம் சேரும். உதிரிப் பாகமும் பெற்றோலும் டொலரில் வாங்கப்படுவதால், டொலர் ஏறும்போதெல்லாம் கட்டணமும் ஏறும். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயை அண்டியிருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாயைத் தொட்டது. 100 மணித்தியாலம் பறப்பதற்கென்று ரூபாயில் காசை ஒதுக்கி வைத்த ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். கட்டணம் டொலரோடு ஏறுமாயின், அதே காசில் 55 மணித்தியாலம்தான் பறக்கலாம்.

நமது ஊர்ப் பிள்ளைக்கு இன்னொரு செலவும் உண்டு. இரத்மலானைப் பக்கம் அறை எடுத்துத் தங்க வேண்டும். சாப்பாடு, பஸ் காசு வேண்டும். மழையால் பறக்க முடியாத நாட்களிலும் வாடகை ஓடிக்கொண்டே இருக்கும்.

பேக்கரித் தொழிலாளியின் மகள்

இனி, கையில் காசில்லாமல் இந்த ஏணியில் ஏறிய ஒருவரைப் பார்ப்போம். இந்தியாவின் ஹைதராபாத் நகரைச் சேர்ந்த சையிதா ஸல்வா ஃபாத்திமா, பேக்கரி ஒன்றில் வேலை செய்தவரின் மகள். பொறியியல் நுழைவுப் பரீட்சைக்காக, ‘சியாசத்’ என்ற உருதுப் பத்திரிகை நடத்திய பயிற்சி வகுப்புக்குப் போனார். என்ன ஆசை என்று கேட்கப்பட்டபோது, விமானியாக வேண்டும் என்றார். பத்திரிகையின் ஆசிரியர் ஸாஹித் அலி கான் அதைச் சிரித்துத் தள்ளிவிடவில்லை. உதவிக்கு ஏற்பாடு செய்தார். 2007 இல் ஆந்திரப் பிரதேச விமானப் பயிற்சிக் கழகத்தில் ஸல்வா சேர்ந்தார். வர்த்தக விமானி அனுமதிப்பத்திரம் கைக்கு வந்தது 2013 இல்.

அத்தோடு கதை முடியவில்லை. பெரிய பயணிகள் விமானத்தை ஓட்ட இரட்டை எஞ்சின் பயிற்சியும், குறிப்பிட்ட ரக விமானத்துக்கான தனிப் பயிற்சியும் வேண்டும். அதற்குப் பணமில்லை. பின்னர் தெலங்கானா அரசாங்கம் ஏறக்குறைய 36 இலட்சம் இந்திய ரூபாயை ஒதுக்கியது. இடையில் திருமணமும் முடித்து, தாயுமாகி, அதன் பிறகே இண்டிகோ நிறுவனத்தில் விமானியாக அமர்ந்தார். ஹிஜாபோடு விமானியின் ஆசனத்தில் அமர்ந்த அவருடைய படம் பலருடைய கண்ணில் பட்டிருக்கும். அந்தப் படத்துக்குப் பின்னால் இருக்கும் நீண்ட காத்திருப்பு எத்தனை பேருக்குத் தெரியும்?

இதே போன்ற வரலாறு ஒரு நூற்றாண்டுக்கு முன்பும் நடந்தது. அமெரிக்காவின் டெக்ஸாஸில் ஏழைக் குத்தகை விவசாயிகளின் மகளாகப் பிறந்த கறுப்பினப் பெண் பெஸ்ஸி கோல்மன், சிக்காகோவில் நகம் திருத்தும் வேலை செய்து காசு சேர்த்தார். கறுப்பினப் பெண் என்பதால் அமெரிக்காவில் எந்தப் பயிற்சிப் பள்ளியும் அவரைச் சேர்க்கவில்லை. ‘சிக்காகோ டிஃபென்டர்’ பத்திரிகையை நடத்திய ரொபர்ட் அபொட், பிரான்ஸுக்குப் போய்ப் படிக்கும்படி ஊக்கம் கொடுத்து உதவினார். பெஸ்ஸி முதலில் பிரெஞ்சு மொழியைப் படித்தார். பிறகு கப்பலேறினார். 1921 ஜூன் 15 இல் அனுமதிப்பத்திரம் பெற்றார்.

இரு பெண்களுக்கும் பொதுவாக இருப்பதைக் கவனியுங்கள். இருவரும் ஆசையை வெளியே சொன்னார்கள். சமூகத்தில் மதிப்புள்ள ஒருவர் அதைக் காது கொடுத்துக் கேட்டார். இருவரும் மற்றவர் காசில் ஏறுவதற்கு முன் தங்கள் பங்கைச் செய்து முடித்திருந்தார்கள்.

இறங்குவதையும் யோசியுங்கள்

ஒன்பதாம் நூற்றாண்டில் குர்துபாவில் வாழ்ந்த அப்பாஸ் இப்னு ஃபிர்னாஸ், உடலில் இறகு கட்டிப் பறக்க முயன்றதாகப் பிற்கால வரலாற்றாசிரியர் அல்மக்கரீ எழுதியுள்ளார். சிறிது தூரம் பறந்தாராம். இறங்கும்போது முதுகில் அடிபட்டதாம். பறவை தன் வாலைக் கொண்டு இறங்குகிறது என்பதை அவர் கவனிக்கவில்லை, வால் கட்டவில்லை என்று காரணமும் சொல்லப்படுகிறது.

பல குடும்பங்களும் இப்படித்தான் வால் கட்டாமல் பறக்கின்றன. அனுமதிப்பத்திரம் வரை காசைக் கணக்கிடுகின்றன. அதற்குப் பிறகு வரும் ரகப் பயிற்சிக்கும், வேலை கிடைக்கும் வரையிலான காலத்துக்கும் ஒரு சதமும் ஒதுக்குவதில்லை. பத்திரம் பெட்டிக்குள் கிடக்கும். மருத்துவச் சான்றிதழ் காலாவதியாகும். பறக்காமல் இருந்தால் கைப்பழக்கமும் போய்விடும். ஆகவே ஏறும் முன்பே இறங்குமிடத்தையும் தீர்மானிக்க வேண்டும்.

சிக்கனமாகச் செல்லும் வழி

முதலில் மருத்துவப் பரிசோதனை. வர்த்தக விமானிக்கு முதலாம் வகுப்பு மருத்துவச் சான்றிதழ் கட்டாயம். கண்ணாடி அணிவது பொதுவாகத் தடையல்ல. ஆனால் நிறக்குருடு பெரும் தடை. மொத்தச் செலவோடு பார்த்தால் இந்தப் பரிசோதனைச் செலவு ஒரு தூசு. பல இலட்சம் கட்டிய பிறகு இதைத் தெரிந்துகொள்வதைவிட, ஒரு சதமும் கட்டு முன் தெரிந்துகொள்வது நல்லது.

இரண்டாவது ஆங்கிலம். வானொலியில் கட்டுப்பாட்டுக் கோபுரத்தோடு பேச ஆங்கிலம் வேண்டும். ஐகாவோ அளவுகோலில் நான்காம் நிலையாவது இருந்தால்தான் சர்வதேசப் பறப்புச் செய்யலாம். தமிழ் மொழி மூலம் படிக்கும் பிள்ளைகள் ஒன்பதாம், பத்தாம் ஆண்டிலேயே இதில் கவனம் செலுத்த வேண்டும். கணிதமும் பௌதிகவியலும் அதனோடு சேரட்டும்.

மூன்றாவது, பாடங்களை வீட்டிலேயே படித்து முடித்தல். விமானச் சட்டம், வானிலை, வழிகாணல், பறப்பின் அடிப்படைகள் முதலியவற்றைப் புத்தகத்தில் படிக்கப் பெற்றோல் தேவையில்லை. தரையில் படிக்காததை ஆகாயத்தில் படிப்பவன், ஒவ்வொரு நிமிடத்துக்கும் காசு கட்டுகிறான்.

நான்காவது, காசு சேர்ந்த பிறகு தொடங்கி, இடைவிடாமல் பறத்தல். மாதத்துக்கு ஒரு முறை பறந்தால் போன மாதம் படித்ததை மீண்டும் படிப்பதிலேயே பாதி நேரம் போகும். 40 மணித்தியாலத்தில் முடிய வேண்டியது 60 ஆகும். வாரத்துக்கு மூன்று நான்கு முறை பறப்பவனுக்கே செலவு குறையும்.

ஐந்தாவது, முழுக் கட்டணத்தையும் ஒரேயடியாக முற்பணமாகக் கட்டாதிருத்தல். பள்ளிக்கு அங்கீகாரம் உண்டா, பறக்கும் நிலையில் எத்தனை விமானம், எத்தனை ஆசிரியர், எத்தனை மாணவர் என்று நேரில் போய்ப் பாருங்கள். படிப்படியாகக் கட்டுங்கள்; எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். தனியார் விமானிப் பத்திரம் கிடைத்ததும் ஒரு முறை நின்று யோசியுங்கள். விட வேண்டுமென்றால், குறைந்த நட்டத்தோடு விடக்கூடிய இடம் அதுதான்.

வர்த்தகப் பத்திரம் பெற்றவர்கள் பயிற்சி ஆசிரியர் தகைமையையும் பெற்றுக்கொண்டால், சம்பளத்தோடு மணித்தியாலமும் சேரும்.

கட்டணமில்லாத கதவுகள்

விமானப்படையில் பயிலிளவல் விமானியாகத் தெரிவானால் பயிற்சிக்குக் காசு கட்டத் தேவையில்லை. பறப்புப் பயிற்சி திருகோணமலை சீனக்குடாவில் நடைபெறுகிறது. 2020 இல் அங்கு முதன்முதலாக இரு பெண்களும் விமானிகளாக வெளியேறினார்கள். தெரிவு கடினம், சேவைக் காலக் கட்டுப்பாடும் உண்டு. தகைமைகள் காலத்துக்குக் காலம் அறிவிக்கப்படுகின்றன.

விமானி ஆசனம் மட்டுமே விமானத்துறை அல்ல. ஆகாயப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர், விமானப் பராமரிப்புப் பொறியியலாளர் ஆகியோரும் அனுமதிப்பத்திரம் பெற்ற மதிப்புக்குரியவர்களே. அந்த வேலையில் இருந்து உழைத்து, தன் சொந்தச் சம்பளத்தில் பறக்கப் படிப்பதும் ஒரு வழி. அதில் தங்கையின் வீட்டுக் கல் அசையாது.

ஊர் என்ன செய்யலாம்?

வட்டிக் கடனுக்கு அஞ்சும் குடும்பங்கள் நம்மில் அதிகம். நாம் கடைத்தெருவில் சீட்டுப் பிடித்து வியாபாரம் வளர்த்தவர்கள். கர்ழன் ஹஸனாவின் சிறப்பை ஜும்ஆ மேடைகளில் கேட்டவர்கள். ஊரிலுள்ள நிறுவனங்களும் வெளிநாட்டில் உழைக்கும் நம்மவரும் கூடி, சில ஆண்டுகளுக்கு ஒரு முறை ஒரே ஒரு தகுதியான பிள்ளையைத் தெரிவு செய்யலாம். மருத்துவச் சான்றிதழையும் பாடப் பரீட்சைகளையும் முடித்து வருபவருக்கு மட்டும் படிப்படியாக உதவி, வேலை கிடைத்ததும் வட்டியின்றித் திருப்பிக் கட்ட உடன்பாடு எழுதலாம். திரும்பி வரும் காசில் அடுத்த பிள்ளை ஏறும். உலமாக்களின் ஆலோசனையோடு இதற்கு ஒழுங்கு வகுப்பது கடினமான காரியமல்ல.

அது வரை பெற்றோரிடம் நாம் கேட்பது சிறியதுதான். “பைலட் ஆகப் போகிறேன்” என்று பிள்ளை சொன்னால் சிரிக்கவும் வேண்டாம், வளவை விற்கவும் வேண்டாம். ஒரு கொப்பியை எடுத்து, பிள்ளையையும் உம்மாவையும் பக்கத்தில் இருத்தி, வரவும் செலவும் எழுதத் தொடங்குங்கள். இன்ஷா அல்லாஹ், அந்தக் கொப்பி எந்த வழி சரியென்று உங்கள் வீட்டுக்குக் காட்டித் தரும்.